மரத்துக்குள்ள இருக்குற தண்ணி

விடியக்காலை நாலரை மணிக்கு போன் அடிச்சா அது மரம்தான். ஊர்ல இருந்து யாரும் அந்த நேரத்துல கூப்பிடமாட்டாங்க, அங்க மணி ரெண்டு. சுமத்ரா காத்துன்னு இங்க சிங்கப்பூர்ல சொல்வாங்க, மேற்க இருந்து கடல் தாண்டி வரும், பாதி நாள் விடியுறதுக்கு முன்னாடிதான் வந்து அடிக்கும், ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ, அப்புறம் பளிச்சுன்னு வெயில் வந்துடும். போன மாசமும் அப்படித்தான், ஈசூன் பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரத்துக் கிளை ரோட்டுக்குக் குறுக்க விழுந்து ரெண்டு லேனும் அடைச்சிருச்சு, நாங்க அஞ்சு பேரு லாரியில போய் இறங்குறப்ப இன்னும் தூறிக்கிட்டு இருந்துச்சு.

கிளைன்னா நம்ம ஊர்ல ஒரு மரம் அளவு. செயின்சா போட்டு அறுத்து, சின்னதெல்லாம் சிப்பர்ல (கிளையச் சில்லாக்குற மெஷின்) விட்டு, பெருசெல்லாம் கிரேன்ல தூக்கி லாரியில ஏத்தி முடிக்க எட்டு மணி ஆயிருச்சு. அப்புறம் கோப்பி கடையில உக்காந்து புரோட்டா சாப்பிடுறப்ப, புதுசா வந்த தம்பி ஒருத்தர் (புதுக்கோட்டைக்காரர், டிப்ளமோ படிச்சவர்) கேட்டார்: "அண்ணே, இந்த மரத்துல இருந்து பிளேன் ஓட்டுற எண்ணெய் எடுக்கலாமாமே, வீடியோ பாத்தேன். நம்ம இத ஏன் தூளாக்கிக் கொண்டுபோய்க் கொட்டுறோம்?"

அந்தக் கேள்விக்கு அன்னிக்கி நான் ரெண்டு வரி பதில்தான் சொன்னேன். ஆனா ராத்திரி தூக்கம் வரல. பதினெட்டு வருஷமா இந்தத் தீவுல மரம் கழிக்கிறேன், அதுக்கு முன்னாடி ஊர்ல எங்க தாத்தாவோட கரிமூட்டத்துல நின்னு வளந்தவன், மரத்த எரிபொருளாக்குற வேலையோட ரெண்டு முனையிலயும் என் கை பட்டிருக்கு. அதனால முழுசா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன், நீளமாத்தான் வரும்.

எங்க ஊரு முதுகுளத்தூர் பக்கம். மழை குறைவு, சீமைக்கருவேலம் நிறைய. எங்க அப்பத்தாவுக்கு மரக்கழிவுன்னு ஒரு வார்த்தையே தெரியாது. அடுப்புக்கு வர எல்லாத்துக்கும் அது கிட்ட தனித்தனிப் பேரு இருந்துச்சு, பருத்திமார், மிளகாய்மார், எள்ளுமார், பனைமட்டை, முள்ளுவிறகு, தூர்க்கட்டை. எள்ளுமார் குப்புன்னு பத்தி அணைஞ்சிரும், பத்தவைக்க மட்டும்தான் ஆகும், உலை கொதிக்க முள்ளுவிறகு, நெல்லு அவிக்க தூர்க்கட்டை. விறகு எடுக்குறப்ப ரெண்டு கட்டைய ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாக்கும். டங்குன்னு கேட்டா காஞ்சது, பொத்துன்னு கேட்டா இன்னும் ரெண்டு நாள் வெயில்ல கிடக்கணும். இன்னிக்கு பயோமாஸ்னு (எரிபொருளாகுற மரம், தட்டை எல்லாம்) பெரிய பெரிய மாநாட்டுல பேசுற விஷயத்துல முக்கால்வாசி அப்பத்தாவோட அந்தத் தட்டுலயே இருக்குன்னு நான் உண்மையாவே நம்புறேன்.

தாத்தா மூட்டம் போடுறவர். கருவேல மரத்த வெட்டி, தடிச்சத அடியில வச்சு, சிறுசு மேல வர மாதிரி கும்பமா அடுக்கி, பச்சத் தழைய மேல போத்தி, அதுக்கு மேல ஈரமண்ணு குழைச்சுப் பூசி, அங்கங்க சின்னதா ஓட்டை விட்டு, ஒரு வாயில நெருப்பு வைப்பார். அதுக்கப்புறம் ஒரு வாரம் பத்து நாள் அத விட்டு நகர முடியாது. புகையப் பாத்துக்கிட்டே இருக்கணும். முதல்ல கெட்டியா வெள்ளைப் புகை வரும், அது தண்ணி. அப்புறம் மஞ்சப்பூத்து கண்ண எரிக்கிற புகை. கடைசியில மெலிசா ஊதா நிறத்துல வந்தா அந்தப் பக்கம் வெந்துருச்சுன்னு அர்த்தம், உடனே அந்த ஓட்டைய மண்ணு வச்சு அடைக்கணும்.

எனக்குப் பதினாறு வயசுல ஒரு ராத்திரி என்னைக் காவல் வச்சுட்டுப் போனார். தூங்கிட்டேன். காத்து மாறி மூட்டத்தோட ஒரு பக்கம் மண்ணு வெடிச்சு உள்ள காத்து பூந்திருச்சு, முழிச்சுப் பாக்குறப்ப உள்ள செக்கச்செவேல்னு கனல். தண்ணிய ஊத்தி மண்ண அப்பி அணைக்கிறதுக்குள்ள பாதிக்கு மேல சாம்பல். நாலஞ்சு டன் மரம் போட்டா ஒரு டன் கரி கிடைக்கிற பொழப்பு அது, அதுலயும் பாதி போச்சு. தாத்தா திட்டல, சாம்பலக் கையில அள்ளிப் பாத்துட்டு "காத்து சாப்புட்ருச்சு" அப்படின்னு மட்டும் சொன்னார். இன்னிவரைக்கும் அந்த வார்த்த காதுலயே இருக்கு.

ஏன் இத இவ்வளவு சொல்றேன்னா, மரத்துல இருந்து எண்ணெய் எடுக்குறதோட அடிப்படை அந்த மூட்டத்துக்குள்ளயே இருக்கு. காத்தக் கட்டுப்படுத்தி மரத்தச் சூடாக்குனா அது எரியாது, பிரியும். தண்ணி போனதுக்கு அப்புறம், 250, 300 டிகிரிய ஒட்டி மரமே உடைய ஆரம்பிக்கும், ஒரு பங்கு எரியுற வாயுவாகும், ஒரு பங்கு தாரு மாதிரி ஒரு திரவமா ஆவியில வரும், மிஞ்சுறது கரி. தாத்தா கரிய மட்டும் வச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் புகையா வானத்துல விட்டார். இன்னிக்கு விஞ்ஞானிங்க பிடிக்கப் பாக்குறது அந்த விட்டுப்போன ரெண்டையும்தான்.

மெதுவா ஒரு வாரம் வேகவிட்டா கரி அதிகம். அதே மரத்தப் பொடியாக்கி நல்லாக் காயவச்சு 500 டிகிரியில ரெண்டு மூணு வினாடிக்குள்ள சூடாக்கி உடனே குளிர வச்சா, 100 கிலோ காஞ்ச மரத்துல 70 கிலோ வரைக்கும் திரவமாவே கிடைக்கும். கேக்க அருமையா இருக்குல்ல? ஆனா அந்தத் திரவத்துல கால்வாசி தண்ணி, வினிகர் மாதிரி புளிப்பு, குழாய அரிக்கும், வச்சிருந்தா நாளாக ஆகக் கெட்டியாகும், டீசலோட கலக்காது, சூடும் டீசல்ல பாதிக்கும் குறைவு. அத ஹைட்ரஜன் வச்சு சுத்தம் பண்ணாதான் வண்டிக்கு ஆகும், அங்கதான் செலவே.

இன்னொரு வழி, 800 டிகிரிக்கு மேல கொஞ்சமா காத்தோ நீராவியோ விட்டு முழுசா வாயுவாக்குறது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும். இது புதுசே இல்ல. ரெண்டாம் உலகப்போர்ல பெட்ரோல் கிடைக்காம நம்ம பக்கம் கரி பஸ் ஓடுச்சுன்னு தாத்தா சொல்வார், பஸ்ஸுக்குப் பின்னாடி பெரிய டிரம் இருக்கும், ஒரு பையன் நின்னு கைப்பிடியச் சுத்திக்கிட்டே இருப்பானாம். அந்த வாயுவையே இன்னும் ஒரு படி போய் எண்ணெயாக்குற முறைய 1925-ல ஜெர்மனியில ஃபிஷர், ட்ராப்ஷ்னு ரெண்டு பேரு கண்டுபிடிச்சாங்க. அவங்க நிலக்கரிக்குச் செஞ்சாங்க, தென்னாப்பிரிக்காவுல 1955-ல இருந்து இப்படித்தான் நிலக்கரியில இருந்து எண்ணெய் எடுக்குறாங்க. மரத்துலயும் செய்யலாம், 5, 6 டன் காஞ்ச மரம் போட்டா ஒரு டன் எண்ணெய். கரிமூட்டக் கணக்குக்குப் பக்கத்துலயே நிக்குது பாருங்க.

மூணாவது வழி எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. அதே போர் சமயம் சாலமன் தீவுகள்ல அமெரிக்கப் படையோட கூடாரத்துணி, உடுப்பு எல்லாம் நைஞ்சு கிழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. காரணம் ஒரு பூஞ்சை. பருத்தி நூல்ல இருக்குற செல்லுலோஸ உடைச்சு சர்க்கரையாக்கிச் சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கு. அத ஆராய்ஞ்ச எல்வின் ரீஸ் பேரையே பின்னாடி அதுக்கு வச்சாங்க, ட்ரைக்கோடெர்மா ரீசை. இன்னிக்கு மரத்தையும் தட்டையையும் சர்க்கரையாக்கி எத்தனால் எடுக்குறதுக்கான என்சைம்ல பெரும்பங்கு அந்தப் பூஞ்சை வம்சத்துல இருந்துதான் வருது. ஆனா மரத்துல செல்லுலோஸ் பாதிதான், கால்வாசிக்கு மேல லிக்னின், அது செல்லுலோஸச் சுத்தி சிமெண்டு பூசுன மாதிரி பிடிச்சுக்கிட்டு இருக்கு, பூஞ்சைய லேசுல உள்ள விடாது. மரம் நூறு வருஷம் மழையில நிக்கிறதே அதனாலதானே, அத அவ்வளவு சுலபமா உடைச்சிட முடியுமா என்ன.

சரி, இவ்வளவு தெரிஞ்சும் ஏன் ஊரெல்லாம் மர எண்ணெய் ஓடல? முயற்சி பண்ணாம இல்ல. அமெரிக்காவுல ஜார்ஜியாவுல ரேஞ்ச் ஃப்யூயல்ஸ் ஆலை 2011-ல மூடுச்சு. மிசிசிப்பியில பைன் மரத்தூள்ல எண்ணெய் எடுத்த கியோர் 2014-ல திவால். ஸ்வீடன்ல கோத்தன்பர்க்ல காட்டு மரக்கழிவ சமையல் கேஸ் மாதிரி மீத்தேனாக்குன கோபிகேஸ் ஆலை நல்லாத்தான் ஓடுச்சு, ஆனா விலை கட்டாம 2018-ல நிறுத்திட்டாங்க. நிலைச்சு நிக்கிறதுல ஒண்ணு பின்லாந்துல லாப்பீன்ராண்டா ஊர்ல 2015-ல ஆரம்பிச்சது, அவங்க கட்டைய உடைக்கவே இல்ல, காகிதக்கூழ் காய்ச்சுறப்ப மேல மிதக்குற பிசின் எண்ணெய எடுத்து டீசலாக்குறாங்க. ஏற்கனவே ஒரே இடத்துல சேந்திருக்கிற, ஏற்கனவே திரவமா இருக்குற சரக்கு.

இந்த இடத்துலதான் நான் சொல்ல வந்ததே இருக்கு. மரத்தோட சண்டையே ரெண்டு விஷயத்துல, ஒண்ணு அதுக்குள்ள இருக்குற தண்ணி, இன்னொண்ணு அது சிதறிக் கிடக்குறது. ஆலைக்குள்ள நடக்குற அதிசயத்தப் பத்தி ஆயிரம் வீடியோ இருக்கு, ஆலை வாசல் வரைக்கும் மரம் எப்படி வருதுன்னு யாரும் காட்டுறதில்ல.

ஒரு தடவ ஆர்வத்துல, அன்னிக்கு வெட்டுன அங்சானா (நம்ம ஊர் வேங்கைக்கு அண்ணன் தம்பி முறை) சில்லு ஒரு கிலோ எடுத்து, யார்டுல சும்மா கிடந்த சின்ன ஓவன்ல 105 டிகிரியில ராத்திரி முழுக்க வச்சேன். காலையில தராசுல வச்சா அரைக்கிலோவுக்குக் கொஞ்சம்தான் மேல. அப்ப லாரியில பத்து டன் ஏத்துனா அஞ்சு டன் தண்ணி. டீசல் எரிச்சு, ஆளு வச்சு, தண்ணியத்தான் தீவு முழுக்கச் சுமந்துக்கிட்டுத் திரியுறோம். அதோட நிக்காது. காஞ்ச மரம் ஒரு கிலோ எரிஞ்சா 18 மெகாஜூலுக்கு மேல சூடு, பாதி தண்ணியா இருந்தா 8 தான். மரம் பாதியானதுல பாதி போச்சு, மிச்சத்துல ஒரு பங்க அந்தத் தண்ணிய ஆவியாக்கவே எரிக்கணும். அப்பத்தா பொத்துன்னு கேட்ட கட்டைய ஒதுக்குனதுக்கு இதுதான் கணக்கு.

எங்க ஊர்லயாவது வெயில் இருக்கு, வெட்டிப் போட்டா ரெண்டு மாசத்துல காஞ்சிரும். இங்க வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல மழை, காத்துலயே எப்பவும் ஈரம். சில்லு குவியல வெளிய போட்டா காயுறது இருக்கட்டும், அது தானாச் சூடாக ஆரம்பிச்சிரும். அந்தப் புதுக்கோட்டைத் தம்பி வந்த ரெண்டாவது வாரம், காலையில குவியல் உச்சியில இருந்து புகை வருதுன்னு ஓஸ் பைப்ப இழுத்துக்கிட்டு ஓடுனார். நான் போய் கைய உள்ள விட்டுப் பாக்கச் சொன்னேன், முழங்கை வரைக்கும் விட்டவர் சட்டுன்னு உருவிட்டார், அவ்வளவு கொதிப்பு. புகை இல்ல அது, ஆவி. உள்ள நுண்ணுயிர் மரத்தத் தின்னுக்கிட்டு இருக்கு. நாம எரிச்சு எடுக்கவேண்டிய சூட்ட அது நமக்கு முன்னாடி எடுத்துக்கிட்டு இருக்கு. கவனிக்காம உயரமாக் குவிச்சு மாசக்கணக்குல விட்டா நெஜமாவே தீப்பிடிக்கும், அதனால ஓடுனதுக்கு அவரைக் குறை சொல்லமாட்டேன்.

அப்புறம் கலப்படம். கிளையோட மண்ணு வரும், பனை வகை மட்டைய எரிச்சா சாம்பல் கொதிகலன்ல உருகிக் கட்டி தட்டும், சுங்கை காடுட் பக்கத்து மரப்பட்டறைங்கள்ல இருந்தும் கட்டுமான சைட்ல இருந்தும் வர பேலட் கட்டை நல்லாக் காஞ்சிருக்கும் ஆனா ஆணி, பெயிண்ட், பசை, பூச்சிமருந்து. ஒவ்வொண்ணையும் பிரிக்கணும். பிரிக்கிறது கைதான், அந்தக் கை பெரும்பாலும் நம்ம பசங்க கைதான்.

இதெல்லாம் இருந்தும் இந்த ஊர்ல மரம் வீணாப் போகுதுன்னு சொன்னா அது தப்பு. கரையோரப் பூந்தோட்டங்களுக்கு (கார்டன்ஸ் பை த பே) போனவங்க எத்தனை பேரு இத கவனிச்சிருப்பீங்கன்னு தெரியல, 2012-ல திறந்தப்ப இருந்தே அங்க ரெண்டு கண்ணாடிக் கூடத்தையும் குளிர வைக்கிறதுல வெட்டுன கிளைக்குப் பங்கு உண்டு. கழிச்ச கிளைய எரிச்சு நீராவி, அதுல மின்சாரம், மிஞ்சுன சூட்ட வச்சு காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சுற மருந்த மறுபடி உலர்த்துறாங்க. மரம் மாதிரி கட்டி உயரமா நிக்கிற கோபுரங்கள் இருக்குல்ல, அந்த சூப்பர்மரங்கள்ல ஒண்ணு அந்தக் கொதிகலனோட புகைபோக்கி. மனைவியும் மகளும் இங்க வந்திருந்தப்ப கூட்டிட்டுப் போனேன், எல்லாரும் பூவப் போட்டோ எடுத்தாங்க, நான் அந்த மரத்தக் காட்டி "அப்பா வெட்டுற மாதிரி கிளைதான் இங்க எரியுது"ன்னு சொன்னேன். மகளுக்குப் பத்து வயசு. "அப்ப இந்தக் குளுரு மரத்துல இருந்து வருதா?"ன்னு கேட்டா. ஆமான்னு சொல்றப்ப தொண்ட அடைச்சிருச்சு. வெயில்ல கயிறு கட்டித் தொங்கி அறுக்குற வேலைக்கு இப்படி ஒரு அர்த்தம் கிடைக்கும்னு நான் நெனச்சதில்ல.

ஜூரோங் தீவுலயும் 2013-ல ஆரம்பிச்ச தெம்புசு ஆலையில நிலக்கரியோட மரச்சில்லும் செம்பனைக் கொட்டை ஓடும் கலந்து எரிக்கிறாங்க. இங்க பெரிய ஆலைங்களுக்கு கார்பன் வரி, வெளிய விடுற கரியமில வாயு ஒரு டன்னுக்கு 2019-ல 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2024-ல 25, 2026-ல 45, இப்படி ஏறுறப்ப நிலக்கரி எரிக்கிறவங்க எல்லாம் மரத்தப் பக்கம் திரும்பிப் பாப்பாங்க. குப்பைய எரிச்ச சாம்பல் போற செமாக்காவ் தீவும் 2035 வாக்குல நிரம்பிரும்னு சொல்றாங்க. அப்ப கிளை குப்பையோட குப்பையாப் போறது யாருக்கும் கட்டாது.

பிளேன் எண்ணெய் விஷயத்துக்கு வரேன், தம்பி கேட்டது அதத்தானே. துவாஸ்ல நெஸ்டேங்குற பின்லாந்து கம்பெனியோட எண்ணெய் ஆலை 2010-ல இருந்து இருக்கு, 2023-ல பெருசாக்குனதுக்கு அப்புறம் வருஷத்துக்கு 26 லட்சம் டன் கொள்ளளவு, அதுல 10 லட்சம் டன் வரைக்கும் விமான எண்ணெய் எடுக்க முடியும். ஆனா அதுக்குள்ள போறது மரம் இல்ல. பழைய சமையல் எண்ணெய், மிருகக் கொழுப்பு. ஏன்னா அது ஏற்கனவே பாதி டீசல், தண்ணியும் லிக்னினும் இல்லாத சரக்கு. சிங்கப்பூர்ல இருந்து கிளம்புற விமானங்களுக்கு 2026-ல 1 சதவீதம், 2030-க்குள்ள 3-ல இருந்து 5 சதவீதம் இப்படிப்பட்ட எண்ணெய் இருக்கணும்னு இலக்கு வச்சிருக்காங்க. உலகத்துல எல்லா ஊரும் இப்படிக் கேக்க ஆரம்பிச்சா வடை சுட்ட எண்ணெய் எத்தனை நாளைக்கு வரும்? அன்னிக்கு மரத்துக்கிட்ட வந்துதான் ஆகணும். காருக்கு பேட்டரி இருக்கு, அத்தனை பேரையும் தூக்கிக்கிட்டு பதிமூணு மணி நேரம் பறக்குற பிளேனுக்கு பேட்டரி ஆகாது. அதனால மர எண்ணெய்னு ஒண்ணு வந்தா அது பிளேனுக்கும் கப்பலுக்கும் போகட்டும், சும்மா அடுப்புக்கும் ஏசிக்கும் மரத்த அப்படியே பக்கத்துலயே எரிக்கிறதுதான் சரின்னு எனக்குத் தோணுது. ஒவ்வொரு தடவ உருமாத்துறப்பவும் ஒரு பங்கு கையவிட்டுப் போகுது, மூட்டத்துல கண்ணால பாத்தவன் நான்.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்லணும். காட்டுல விழுந்து கிடக்குற மரமெல்லாம் கழிவு இல்ல. புக்கிட் தீமா காட்டுப் பாதையில நடந்தா பாக்கலாம், பெரிய மரம் குறுக்க விழுந்திருந்தா ஆள் போற அளவுக்கு அறுத்துட்டு மிச்சத்த அங்கேயே போட்டிருப்பாங்க. அதுல காளான், கரையான், பூரான், அடுத்த கன்னு எல்லாம் இருக்கு. ரோட்டுல கழிக்கிற கிளை வேற, எப்படியும் வெட்டித்தான் ஆகணும், போட்டா ஒண்ணு ரெண்டு வருஷத்துல மக்கி அதே கார்பன் காத்துக்குத்தான் போகப்போகுது, அத எரிச்சுப் பயன் எடுக்குறதுல குத்தம் இல்ல. ஆனா எரிக்கிறதுக்குன்னே நிக்கிற காட்ட வெட்டுனா அந்தக் கார்பன் திரும்பி மரமாக அம்பது வருஷம் ஆகும். ரெண்டையும் ஒரே பேரு வச்சு பசுமை எரிபொருள்னு விக்கிறப்ப எனக்குக் கோவம் வருது. 2013 ஜூன்ல புகைமூட்டம் வந்தப்ப, 21-ஆம் தேதி காத்துத் தரக் குறியீடு 401-ஐத் தொட்டப்ப, நான் வெளிய வேலையில இருந்தேன். சுமத்ராவுல காட்டையும் பீட்னு சொல்ற சதுப்பு மண்ணையும் எரிச்ச புகை. முகமூடி போட்டும் ராத்திரி இருமல்ல தூக்கம் இல்ல, டார்மிட்டரியில அறைக்கு அறை அதே இருமல். யாருக்கும் சோறு ஆக்காத, எந்த எஞ்சினையும் ஓட்டாத அவ்வளவு நெருப்பு. மரத்த மதிக்காட்டி அது எப்படி வந்து நிக்கும்னு எங்க நெஞ்சுக்குத் தெரியும்.

இப்ப தம்பிக்கு நான் சொன்ன அந்த ரெண்டு வரி பதில எழுதிடறேன். "எண்ணெய் எடுக்கலாம் தம்பி. முதல்ல கூரை போடணும்."

ரெண்டு வருஷமா யார்டுல கேட்டுக்கிட்டு இருந்தேன், சில்லு குவியலுக்கு மேல ஒரு தகரக் கூரை, பக்கம் திறந்து, காத்து போய்வர மாதிரி. இடவாடகை, பெர்மிட்டுன்னு தள்ளிக்கிட்டே போச்சு. கடைசியில பழைய கன்டெய்னர் ரெண்டுக்கு நடுவுல ஷீட்டு கட்டிக்க மட்டும் சரின்னாங்க. குவியலத் தாழ்வாப் பரப்பி, வாரத்துக்கு ரெண்டு தடவ லோடர் வச்சுப் புரட்டுறோம். அஞ்சு வாரம் கழிச்சு அதே ஓவன்ல அதே ஒரு கிலோ வச்சுப் பாத்தேன், முக்கால் கிலோவுக்குக் கிட்ட நின்னுச்சு. அதே லாரி, அதே டீசல், ஆனா இப்ப சுமக்குறது மரம். நான் அந்த ஓவன் தட்ட எடுத்துட்டுப் போய் ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டுனேன்.

இத எழுதிக்கிட்டு இருக்குறப்பவே தம்பி போன் பண்றார், கிராஞ்சி பக்கம் வானம் கறுத்துருச்சாம்.

"அண்ணே, கேன்வாஸ முழுசா இழுத்து மூடிரட்டுமா?"

"மூடுங்க. காத்து வர பக்கம் மட்டும் கீழ ஒரு முழம் விட்டு மூடுங்க."